லேப்டாப் இல்லை, ஃபோன் மட்டும்தான்: தொலைநிலையில் பி.காம் முடிக்க முடியுமா?

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு. கேள்வி

வணக்கம். பல்லடத்தில் விசைத்தறியில் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ முடித்து மூன்று வருடம் ஆச்சு. தொலைநிலையில் பி.காம் சேரலாம் என்று இருக்கிறேன். லேப்டாப் வாங்க வசதி இல்லை, ஃபோன் ஒன்றுதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மூன்று வருடத்தையும் முடிக்க முடியுமா? இல்லை, கட்டுகிற பணம் வீண்தானா? படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 11, இரவு 10.40

முடியும் தம்பி. நான் முடித்திருக்கிறேன். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் நின்றுகொண்டே, ஃபோனிலேயே படித்து பி.காம் வாங்கினேன். இப்போது வேறொரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் இருக்கிறேன். தைரியமாகச் சேர்.

ஆகஸ்ட் 12, காலை 6.15

நேற்று இரண்டு வரியில் முடித்துவிட்டேன். ‘ஃபோனிலேயே படித்தேன்’ என்றது முழுக்கச் சரியில்லை. ராத்திரி படுத்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நீ அதை நம்பிப் பணம் கட்டப் போகிறாய், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் யூனிட்டுக்குள் ஃபோன் கொண்டுபோக முடியாது. வாசலில் பெட்டியில் போட்டுவிட வேண்டும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவோம். கம்பெனி பஸ்ஸில் போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். என் காலேஜ் என்றால் அந்த நூறு நிமிடம்தான். அதில் பாதி நாள் நின்றுகொண்டுதான் போவேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் ஃபோன். நின்றுகொண்டே கணக்குப் போட முடியாது, கேட்க முடியும். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

முதல் வருடம் கணக்குப்பதிவியலில் அரியர் விழுந்தது. அதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அரியர் எப்படி விழுந்தது என்று கேட்டிருக்கிறாய்.

யூடியூபில் ஒரு சார் அருமையாக நடத்துவார். பேரேடு (லெட்ஜர்), இருப்பாய்வு (டிரையல் பேலன்ஸ்), இறுதிக் கணக்குகள் எல்லாம் பார்த்தேன். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது. அவர் அடுத்து என்ன எழுதப் போகிறார் என்று நானே முன்கூட்டிச் சொல்லிவிடுவேன். எனக்கு வந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

தேர்வு அறையில் வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். அதில் கோடு இல்லை. கோட்டை நான்தான் போட வேண்டும். பற்றுப் (டெபிட்) பக்கம் எத்தனை கட்டம், தொகைக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று என் கைக்குத் தெரியவில்லை. முதல் கணக்கின் வரவுப் (கிரெடிட்) பக்கத்துக்கு இடம் போதாமல் அடித்துவிட்டு மறுபடி போட்டேன். ஒன்றரை மணி நேரம் போனபோது இரண்டாவது கணக்கில் நின்றுகொண்டிருந்தேன். எட்டாவது பக்கத்தில் கட்டைவிரல் மரத்துப்போனது. அந்த வருடம் முழுக்க நான் பேனா பிடித்தது அசைன்மென்ட் எழுத மட்டும்தான்.

தொலைநிலையில் பாடம் ஃபோனில் வரலாம், வகுப்பு ஃபோனில் நடக்கலாம். தேர்வு மட்டும் இன்னமும் மூன்று மணி நேரம், பேப்பரில், கையால். இடையில் இருக்கிற தூரத்தை யாரும் நமக்குச் சொல்வதில்லை. நான் உனக்குச் சொல்கிறேன்: ஃபோன் வாங்கிய அன்றைக்கே ஒரு குயர் கோடு போடாத நோட்டும் வாங்கிவிடு.

ஆகஸ்ட் 18, கொஞ்ச நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போச்சு. ஃபோனில் பேரேட்டைப் பார்க்கும்போது பற்றுப் பக்கத்தைப் பெரிதாக்கினால் வரவுப் பக்கம் திரையை விட்டுப் போய்விடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எண் தெரியாது. ஃபோனைக் குறுக்காகத் திருப்பினால் ஓரளவு சரியாகும். ஆனால் இருப்புநிலைக் குறிப்பு (பேலன்ஸ் ஷீட்) மாதிரிப் பெரிய கணக்குக்கு அதுவும் போதாது. மாதத்துக்கு ஒருநாள் ஜெராக்ஸ் கடைக்குப் போய், கணக்கு வரும் பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொள். முழுப் புத்தகத்தையும் எடுக்காதே, காசு தண்ணீராய்ப் போய்விடும்.

ஆகஸ்ட் 25

பாடப் பிடிஎஃப்பில் தேடினால் எதுவுமே வருவதில்லை, என் ஃபோனில் கோளாறா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஃபோனில் கோளாறு இல்லை. எனக்கும் இதேதான் நடந்தது.

‘தேய்மானம்’ என்று அடித்துத் தேடினேன். 180 பக்கப் பாடத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை என்றது. கண் முன்னால் தலைப்பிலேயே தேய்மானம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது! அந்தச் சொல்லைத் தொட்டு நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ வந்தது. பிறகுதான் தெரிந்துகொண்டேன். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு யூனிகோடு. அந்தப் பாடம் அதற்கு முந்திய பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினி, வானவில் மாதிரி எழுத்துருக்களில் திரையில் தெரிவதுதான் தமிழ், உள்ளே இருப்பது வேறு. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளியைத்தான் அடிப்பார்கள். அதனால்தான் அந்த அரைப்புள்ளிக் கூட்டம்.

அச்சிட்ட புத்தகத்துக்கு இது பிரச்சினையே இல்லை. ஃபோனில் படிப்பவருக்குப் பெரிய இழப்பு. தேட முடியாது. எழுத்தை மட்டும் பிரித்துத் திரை அகலத்துக்குப் பெரிதாக்கிப் படிக்க முடியாது. உரக்க வாசிக்கும் வசதி தமிழை வாசிக்காது, ஏதோ உளறும். பார்வையற்ற மாணவர் ஒருவர் இதே பாடத்தை எடுத்தால் அவருக்கு அது வெறும் உளறல்தான். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். அதற்கப்புறமும் ஒரு பாடத்தைப் பழைய எழுத்துருவிலேயே மறுபதிப்பு போட்டு மாணவரிடம் கொடுப்பது எனக்கு இன்றும் கோபம் வருகிற விஷயம். பணம் கட்டிப் படிக்கிறவருக்குத் தேடக்கூடிய பாடம் கொடுப்பது அடிப்படை மரியாதை.

வழி ஒன்று இருக்கிறது. பக்கத்தைப் படம் பிடித்து கூகுள் லென்ஸில் போட்டால் எழுத்தைப் பெயர்த்துக் கொடுக்கும். சாதாரண வரிகளுக்குப் பரவாயில்லை. அட்டவணையைக் கொடுத்தால் கலைத்துப்போடும், நம்ப வேண்டாம்.

செப்டம்பர் 8

தம்பி, கணக்கு உனக்குப் புதிது என்றால் பல்கலைப் பாடத்தைத் தொடுவதற்கு முன் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தை எடு. பிடிஎஃப் இலவசம். 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்தோடு கியூஆர் கோடும் உண்டு. திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும். நான் பிளஸ் டூவில் வணிகவியல் எடுக்காதவள். அரியர் விழுந்த பிறகு என்னைக் காப்பாற்றியது இந்தப் பள்ளிப் புத்தகம்தான்.

ஆங்கிலவழி படிக்கிறவர்களுக்கு இக்னோவின் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலை) ஈ-ஞானகோஷ் என்ற இணையப் பாடக் களஞ்சியம் இருக்கிறது. அவர்கள் பாடநூல்கள் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். நீ வேறு பல்கலையில் சேர்ந்தாலும் எடுத்துப் படிக்கலாம்.

செப்டம்பர் 22. அவசரம், இதை முதலில் படி

விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டருக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். போ. ஆனால் மொபைல் எண், மின்னஞ்சல் இரண்டும் உன்னுடையதாக இருக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்.

எனக்கு விண்ணப்பம் போட்ட கடையில், ‘உங்களுக்கு மெயில் இல்லையா, சரி விடுங்க’ என்று கடையின் மெயிலையும் அவர் நம்பரையும் போட்டுவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கூட்டத்தில் அவசரம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓடிபிக்கும் நான் அந்தக் கடைக்கு ஓடினேன். தேர்வுக் கட்டணம் கட்ட, ஹால் டிக்கெட் எடுக்க, எல்லாவற்றுக்கும். ஒருநாள் அவர் சபரிமலைக்குப் போய்விட்டார். கட்டணத்துக்கு அன்றுதான் கடைசி நாள். அபராதத்தோடு கட்டினேன். எண்ணை மாற்றுவதற்கு இரண்டு கடிதமும் ஒருநாள் சம்பளமும் போச்சு.

இப்போது தொலைநிலையில் சேர டெப் ஐடி (யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் மாணவர் எண்) என்று ஒன்று கேட்கிறார்கள், அதற்கு முன் ஏபிசி ஐடி (படிப்பில் வாங்கும் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்) வேண்டும். இரண்டுமே ஆதாரோடு இணைந்த எண்ணை நம்பி நடப்பவை. ஆதாரில் இருக்கும் எண் இப்போது உன் கையில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடு.

அக்டோபர் 31, தீபாவளி

ஊரே காலி. பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. நான் ஊருக்கு வந்துவிட்டேன், பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பெரியப்பா 1980-களில் மதுரை காமராசர் பல்கலையில் பி.ஏ. படித்தவர். அப்போது அதற்குப் பெயர் அஞ்சல்வழிக் கல்வி. அங்கே 1971-லேயே அதைத் தொடங்கிவிட்டார்கள். பாடம் காக்கித் தாளில் கட்டி வரும். போஸ்ட்மேன் சைக்கிள் மணி அடித்தால் வீடே எழுந்து வரும் என்கிறார். வந்த கட்டை ஊசி நூலால் தைத்து அட்டை போட்டு வைத்திருக்கிறார், இன்னமும் பரணில் இருக்கிறது. இன்றைக்கு இறக்கிப் பார்த்தோம். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. ஒரு பக்கத்தில் ‘இது ஏன்?’ என்று கேள்வி போட்டு, அடியில் இரண்டு வருடம் கழித்து வேறு மையில் பதில் எழுதியிருக்கிறார்.

எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவருக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்து, சனி ஞாயிறு தொடர்பு வகுப்பில் கேட்க வேண்டும். நான் பஸ்ஸில் நின்றபடி குரூப்பில் கேட்டு, இறங்குவதற்குள் பதில் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் பாடங்கள் எங்கே? பழைய ஃபோன் தண்ணீரில் விழுந்தபோது மூன்று வருடக் குறிப்பும் அதோடு போய்விட்டது. பெரியப்பாவின் கட்டு நாற்பது வருடமாகப் பரணில் இருக்கிறது.

மழை பிடித்துவிட்டது. அப்புறம் எழுதுகிறேன்.

நவம்பர் 17

‘கேட்க முடியும்’ என்று ஆகஸ்ட்டில் சொன்னேனே, அதை விளக்கச் சொல்லி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

அரியர் எழுதுவதற்கு முன் நான் மாற்றிக்கொண்டது இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாடத்தை நோட்டில் எழுதிப் போடுவேன். போட்டு முடித்ததும் ஃபோனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, அதே பாடத்தை என் குரலில் சொல்வேன். பக்கத்து மிஷினில் நிற்கும் அக்காவுக்குச் சொல்வது மாதிரி. உதாரணத்துக்கு இது:

‘ஒரு ஓவர்லாக் மிஷின் 40,000 ரூபாய். வருடத்துக்கு 10 சதவீதம் தேய்மானம். நேர்கோட்டு முறையில் வருடா வருடம் 4,000, மாறாது. குறைந்து செல் மதிப்பு முறையில் முதல் வருடம் 4,000, மீதி 36,000. இரண்டாம் வருடம் 36,000-க்கு 10 சதவீதம், 3,600. மூன்றாம் வருடம் 3,240. மிஷின் தேயத் தேயத் தேய்மானமும் தேயும்.’

திங்கள் முதல் சனி வரை பஸ்ஸில் அதைக் கேட்பேன். சொந்தக் குரல் என்பதால் எங்கே தடுமாறினேன் என்று காதுக்கே தெரியும். தடுமாறிய இடம்தான் புரியாத இடம். அதை மட்டும் அடுத்த ஞாயிறு மறுபடி போடுவேன். பத்து நிமிடப் பேச்சு சில எம்பிதான் பிடிக்கும். அதே பத்து நிமிடத்தை நல்ல தரத்தில் வீடியோவாகப் பார்த்தால் நூறு எம்பியைத் தொட்டுவிடும். பஸ் அவிநாசி ரோட்டில் நெட் இல்லாத இடத்தில் போனாலும் பாடம் நிற்காது.

அந்தத் தடவை 68 மார்க்.

நவம்பர் 17, இரவு

குரல் தட்டச்சு பற்றியும் கேட்டிருந்தீர்கள். கூகுள் தமிழில் அதைக் கொடுத்தது 2017-ல். நெடுவினாக்களுக்கு முதலில் வாயால் பேசி எழுத்தாக்கி, அதைப் பார்த்துத் திருத்தி, பிறகு நோட்டில் எழுதுவேன். பேசினால் யோசனை ஓடும், எனக்கு அது உதவியது. ஆனால் ‘பற்று’ என்றால் ‘பற்றி’ என்று அடிக்கும். திருத்தாமல் அப்படியே அசைன்மென்ட்டில் எழுதிவிடாதீர்கள்.

டிசம்பர் 1

ஒரு தங்கை எழுதியிருந்தாள். வீட்டில் ஒரே ஃபோன், அது தம்பியிடம் இருக்கும், இரவு பதினொரு மணிக்கு மேல்தான் கைக்கு வரும், அப்போது எடுத்தால் ‘இந்நேரத்தில் என்ன ஃபோன்’ என்கிறார்கள் என்று. அவள் பெயரும் ஊரும் வேண்டாம்.

இதைப் பற்றி நான் இதுவரை ஒன்றும் சொல்லாதது தப்பு. எனக்கு என்று ஒரு ஃபோன் இருந்தது, அது என் சம்பளத்தில் வாங்கியது. அந்த இடத்திலிருந்துதான் நான் ‘முடியும்’ என்று முதல் நாள் சொன்னேன். கொரோனா நேரத்தில் கல்லூரி மாணவர்களுக்கு அரசு தினம் 2 ஜிபி டேட்டா கார்டு கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் கார்டு போட ஃபோன் யார் கையில் இருந்தது?

தங்கை, உன் அம்மாவிடம் பேசு. ‘ஃபோன் வேண்டும்’ என்று கேட்காதே. ‘காலை ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை படிப்புக்கு’ என்று மணி சொல்லிக் கேள். அவர்கள் பார்வையில் படும்படி நடுக்கூடத்தில் உட்கார்ந்து, நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துப் படி. கேட்க வேண்டியதே அநியாயம், எனக்குத் தெரியும். ஆனால் உனக்கு இந்தப் பட்டம் வேண்டும். டிடிஎச் இருந்தால் ஸ்வயம் பிரபா என்ற அரசுக் கல்விச் சேனல்களையும் பார், அதற்கு டேட்டாவும் வேண்டாம்.

2025 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

அம்மாவின் ஆடுகளுக்கு மாலை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன், ஒன்று ஞாபகம் வந்தது.

தேனியில் விடியல் என்ற அமைப்பு இருக்கிறது. கனடாவில் தலைமையகம் உள்ள காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்கோடு சேர்ந்து, கிராமத்துப் பெண்களுக்கு ஆடு வளர்ப்பைச் சாதாரண பட்டன் ஃபோனிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்மார்ட்ஃபோன் இந்தப் பக்கம் பரவுவதற்கு முன்பு. ஆடு வாங்கக் கொடுத்த வங்கிக் கடனிலேயே ஃபோனும் சேர்ந்திருந்தது. பாடம் குரலாக வரும். தீவனம், நோய், குட்டி பராமரிப்பு என்று சின்னச் சின்னதாக. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ஆட்டை ஓட்டிக்கொண்டே கேட்கலாம்.

இதைப் படித்தபோது எனக்கு என் பஸ் ஞாபகம்தான் வந்தது. வேலையை நிறுத்திவிட்டு வா என்று கூப்பிடாத பாடம் அது. கேட்டதை அன்றைக்கே ஆட்டிடம் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். நம் பல்கலைகளில் இருபது பக்கத்துக்கு ஒரு பத்து நிமிடக் குரல் பாடம் போட்டால் போதும், விலை உயர்ந்த செயலி ஒன்றும் வேண்டாம். ஆசிரியரின் குரல், நல்ல தமிழ், பாதியில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி. நான் படித்த மூன்று வருடத்தில் அப்படி ஒன்றுகூட வரவில்லை. ஒரு மணி நேர வீடியோக்கள் வந்தன. ஐம்பது நிமிட பஸ்ஸில் ஒரு மணி நேர வீடியோவை எப்படிப் பார்ப்பது?

மார்ச் 9

குரூப்பில் வந்த தேர்வு அட்டவணையை நம்பாதே. மேலே மாதம், வருடம் பார். எங்கள் குரூப்பில் போன வருட அட்டவணையை ஒருவர் போட்டுவிட, இரண்டு பேர் தேர்வுக்கு மறுநாள் வந்து நின்றார்கள். அதில் ஒருவருக்குக் கைக்குழந்தை. பல்கலை தளத்தில் நீயே போய் இறக்கு. ஃபோனில் அந்தத் தளம் பாதிதான் தெரியும், சமர்ப்பிக்கும் பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு ‘டெஸ்க்டாப் சைட்’ போட்டால் வரும்.

அசைன்மென்ட்டை வெயில் வெளிச்சத்தில் ஸ்கேன் செய், ட்யூப்லைட்டில் உன் கை நிழல் விழும். கறுப்பு வெள்ளையில் சேமித்தால் கோப்பும் சின்னதாகும். கடைசி நாள் வரை வைத்திருக்காதே.

ஜூன் 1, ஞாயிறு

நோட்டின் படம் பார்த்தேன் தம்பி. கோடு நேராக இருக்கிறது. இறுதிக் கணக்கில் சரிக்கட்டுதல் (அட்ஜஸ்ட்மென்ட்) ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் வர வேண்டும், நீ கொடுபட வேண்டிய கூலியை வியாபாரக் கணக்கில் மட்டும் கூட்டியிருக்கிறாய். இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கமும் போடு. மற்றபடி சரி. மூன்று மணி நேரம் மணி வைத்து ஒரு முழு வினாத்தாளை எழுதிப் பார்த்தாயா? ஒன்றாவது எழுது.

ஜூன் 13, இரவு 9.20

நாளைக்குத் தேர்வு. ஃபோனை அணைத்துவிட்டுத் தூங்கு. காலையில் பஸ்ஸில் உன் குரலையே ஒருதடவை கேட்டுக்கொள், போதும்.

ஹால் டிக்கெட்டை பிரிண்ட் எடுத்துவிட்டாயா? ஃபோனில் காட்டினால் உள்ளே விட மாட்டார்கள். ஃபோனையும் வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அடிக்கோலும் இரண்டு பேனாவும் எடுத்துக்கொள். அணிந்து போக ஒரு சாதாரண கைக்கடிகாரம் இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிவிடு.